பிரஷ் பண்ணா ஒரு சொட்டு ரத்தம் வராது, ஆனா பல்லு ஆடுது. 20 வருஷமா தம். ஈறு ஆபரேஷன் இப்ப பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க

பெரம்பூர்_பாலு | ஞாயிறு, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். வயசு 44, அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் வேலை, வீடு பெரம்பூர். 24 வயசுல ஆரம்பிச்ச தம், ஒரு நாளைக்கு 12 கண்டிப்பா, நைட் ஷிஃப்ட்னா 15 கூட போகும்.

போன மாசம் கடலை உருண்டை கடிச்சப்ப கீழ முன்பல்லு ரெண்டும் அசையற மாதிரி இருந்துது. சரின்னு வீட்டாண்ட இருக்கற பல் டாக்டர்கிட்ட போனேன். அவர் கோடு போட்ட ஒரு சின்ன கம்பிய ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு விட்டு நம்பர் சொல்லிக்கினே வந்தாரு, நர்ஸ் எழுதிக்கினே வந்தாங்க, மூணு, அஞ்சு, ஆறு, ஏழுன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஈறு ஸ்பெஷலிஸ்ட்ட பாருங்கன்னு அனுப்பிட்டாரு. அந்தம்மா முழு வாய் எக்ஸ்ரே எடுத்து காட்டுனாங்க, கடவாப்பல்லு ரெண்டுல எலும்பு பாதிக்கு மேல இல்ல, முன்பல்லுலயும் தேஞ்சிருக்கு. இப்ப டீப் கிளீனிங், அதாவது ஈறுக்கு உள்ள வேர் வரைக்கும் சுத்தம் பண்றது, பண்ணலாம், ஈறை பிரிச்சு பண்ற ஆபரேஷன் நீங்க சிகரெட்ட விட்ட அப்புறம்தான், இப்ப பண்ணா உங்க காசுதான் வீணாப்போவும்னு சொல்லிட்டாங்க.

எனக்கு ஆத்திரமா இருக்கு, உண்மையா சொல்றேன். என் சம்சாரத்துக்கு பிரஷ் பண்ணா ரத்தம் வரும், அவங்களுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் கிளீனிங் போதும்னுட்டாங்க. எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட ரத்தம் வந்ததில்ல, வலி இல்ல, வீக்கம் இல்ல. அப்புறம் எப்படி எனக்கு மட்டும் எலும்பு கரைஞ்சுது? மூணு வருஷம் முன்னாடி வேற ஒரு கிளினிக்ல கிளீனிங் பண்ணேன், அங்க யாரும் கம்பி வெச்சு அளக்கவும் இல்ல, தம் அடிப்பியான்னு ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல, பளபளன்னு ஆக்கி அனுப்பிட்டாங்க. அப்பவே சொல்லியிருந்தா வேற மாதிரி இருந்திருக்குமோன்னு நைட்டு தூக்கம் வரல.

டீப் கிளீனிங் பண்ணா பல்லு இன்னும் ஆடும்னு பட்டறைல எல்லாரும் சொல்றாங்க, அதுவும் பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வியாசை_மணி | ஞாயிறு, இரவு 11:15

அண்ணே இந்த டாக்டருங்க எதுக்கெடுத்தாலும் தம் மேலதான் பழிய போடுவாங்க. எங்க தாத்தா 82 வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சாரு, கரும்ப பல்லாலயே உரிச்சு தின்னுவாரு. பல்லு போறதெல்லாம் பரம்பரை. வேற டாக்டர பாருங்க, ஆபரேஷன் பண்றவங்க யாராவது இருப்பாங்க.

கோடம்பாக்கம்_கதிர் | திங்கள், காலை 6:50

பாலு அண்ணா, நீங்க எழுதுனத படிச்சப்ப என் கதைய யாரோ எழுதுன மாதிரி இருந்துது. எனக்கும் தம் அடிச்ச வரைக்கும் ரத்தமே வராது, என் ஈறு ஸ்ட்ராங்னுதான் நினைச்சிட்டிருந்தேன். 7 வருஷம் முன்னாடி விட்டேன். விட்ட ரெண்டாவது வாரம் பிரஷ் பண்ணிட்டு துப்புனா வாஷ் பேசின் சிவப்பு. பயந்து போயி, விட்டதுதான் தப்போன்னு நினைச்சு திரும்பவும் ஒரு பாக்கெட் வாங்கிட்டேன். அந்த சாயங்காலம் மட்டும் டாக்டர்கிட்ட போகாம இருந்திருந்தா இன்னைக்கும் அடிச்சிட்டுதான் இருந்திருப்பேன். ரத்தம் வராம இருந்ததுதான் நோய்னு அவர் சொன்னாரு. இங்க பல்லாவரம் டாக்டர் மேடம் இருக்காங்க, அவங்க வந்து விளக்கமா சொல்லட்டும்.

பல்லாவரம்_ஈறுடாக்டர் | திங்கள், பகல் 1:30

சாப்பாட்டு நேரத்துல எழுதறேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

பாலு சார், மொதல்ல உங்க சம்சாரம் விஷயம். பல்லோரமா கிருமிப் படலம் சேரும்போது உடம்பு அங்க ரத்த ஓட்டத்தை கூட்டும், ஈறு சிவக்கும், வீங்கும், பிரஷ் பட்டா ரத்தம் வரும். அது வீட்டு வாசல்ல நாய் குரைக்கற மாதிரி, யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லுது. அவங்க அத கேட்டு சீக்கிரமே வந்துட்டாங்க, எலும்பு போகல, கிளீனிங்கோட முடிஞ்சுது. உங்களுக்கு நிகோட்டின் அந்த சின்ன ரத்தக் குழாய்ங்கள சுருக்கிடுது, நாள்பட நாள்பட ஈறுல ரத்த ஓட்டமே குறைஞ்சு, ஈறு வெளுத்து, தடிச்சு, கெட்டியா ஆயிடும். பாக்கறதுக்கு ஆரோக்கியமா தெரியும். உள்ள எலும்பு கரைஞ்சிட்டே இருக்கும், வெளிய சத்தமே வராது. புகை பிடிக்கறவங்களுக்கு கம்பி வெச்சு அளக்காம ஈறு நல்லாருக்குன்னு சொல்லவே முடியாதுன்னு நாங்க பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறது இதுக்காகத்தான். மூணு வருஷம் முன்னாடி உங்களுக்கு அளந்திருக்கணும். அந்த ஆத்திரம் நியாயமானதுதான்.

அந்த நம்பர் எல்லாம் மில்லிமீட்டர். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற பள்ளம், அத பாக்கெட்னு சொல்வோம். 1ல இருந்து 3 வரைக்கும் சாதாரணம். 4, 5 ஆச்சுன்னா பிரஷ் உள்ள எட்டாது. 6, 7 ஆழத்துல காத்து போகாது, ஆக்சிஜன் இல்லாத இடத்துல வளர்ற கிருமிங்க அங்க சொகுசா குடியிருக்கும். புகையால அந்தப் பள்ளத்துல ஆக்சிஜன் இன்னும் குறையும். கிருமிய பிடிச்சு விழுங்கற வெள்ளை அணுக்கள் இருக்கே, அதுங்க சரியா நகராது, சரியா விழுங்காது, ஆனா அதுங்க கக்கற ரசாயனம் நம்ம திசுவையே அரிக்கும். எதிரிய விட்டுட்டு சொந்த வீட்ட இடிக்கற மாதிரி.

இப்ப ஆபரேஷன் விஷயம். ஈறை பிரிச்சு, வேர் மேல கல்லு மாதிரி கெட்டியா படிஞ்ச அழுக்கை எடுத்து, திரும்ப வெச்சு தைக்கறோம். அதுக்கப்புறம் ஆறணும். ஆறணும்னா புது ரத்தக் குழாய் வரணும், நார் செல்லுங்க வேர் மேல போயி ஒட்டணும். நிகோட்டின் இருக்கற வேர் மேல அதுங்க சரியா ஒட்டறதில்ல. எலும்பு கரைஞ்ச இடத்துல எலும்பு பவுடர் வெச்சா கூட அதே கதைதான். உங்கள பாத்த மேடம் உங்கள தண்டிக்கல, தச்ச இடம் நிக்காதுன்னு தெரிஞ்சு சொல்லியிருக்காங்க. நானா இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்.

டீப் கிளீனிங்ல பல்லு ஆடும்ங்கறது பத்தி சாயங்காலம் எழுதறேன், வெளிய பேஷண்ட் உக்காந்திருக்காங்க.

தரமணி_தமிழ் | திங்கள், மாலை 4:05

டாக்டர், எனக்கு 31 வயசு, ஐடி. ஒரு நாளைக்கு 5 இல்ல 6, காலைல டீக்கடைல ஒண்ணு, லஞ்ச் முடிச்சு ஒண்ணு, மிச்சம் எல்லாம் கால் முடிஞ்சு டென்ஷன்ல. இது லைட் ஸ்மோக்கிங்தானே, ஈறுக்கு இதுவும் கணக்கா? வேப் பண்ணா பரவால்லையா?

பல்லாவரம்_ஈறுடாக்டர் | திங்கள், இரவு 9:20

தமிழ், கணக்குதான் பா. 2000ல அமெரிக்காவுல 12,000 பேருக்கு மேல வெச்சு பண்ண ஒரு பெரிய ஆய்வு வந்துது. புகைக்காதவங்களோட ஒப்பிட்டா புகைக்கறவங்களுக்கு ஈறு நோய் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு. அதுல எண்ணிக்கை வாரியா பிரிச்சு பாத்தாங்க, ஒரு நாளைக்கு 9 வரைக்கும் அடிக்கறவங்களுக்கே 2.8 மடங்கு போல, 30க்கு மேல போறவங்களுக்கு ஏறக்குறைய 6 மடங்கு. அந்த நாட்டுல பெரியவங்களுக்கு இருந்த ஈறு நோய்ல பாதிக்கு புகைதான் காரணம்னு கணக்கு போட்டாங்க. நல்ல செய்தியும் அதே ஆய்வுலதான் இருக்கு, விட்டு 11 வருஷம் ஆனவங்களுக்கு புகைக்காதவங்க அளவுக்கே கிட்டத்தட்ட வந்துடுது. நீங்க 31லயே விட்டா 42ல எங்க இருப்பீங்கன்னு யோசிச்சு பாருங்க.

2018ல வந்த புது வகைப்பாட்டுல நாங்க ஈறு நோய்க்கு கிரேடு போடறோம், ஏ, பி, சின்னு, எவ்ளோ வேகமா போகும்னு சொல்ற கிரேடு. ஒரு நாளைக்கு 10க்கு கீழ புகைச்சா பி, 10 அதுக்கு மேல போனா நேரா சி. பாலு சார் அதனால சி. வேப் பண்றத பத்தி, இ-சிகரெட் விக்கறதே 2019ல இருந்து நம்ம நாட்டுல தடை, அதுலயும் நிகோட்டின் இருக்கு, ஈறுக்கு நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

இப்ப ஆடற பல்லு. வருஷக்கணக்குல சேர்ந்த கல்லு ஒரு பல்ல இன்னொரு பல்லோட சிமெண்டு பூசுன மாதிரி பிடிச்சு வெச்சிருக்கும். அத எடுத்ததும் உள்ள ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளிய தெரியும். கிளீனிங் ஆட வெக்கல, ஆடிட்டிருந்தத காட்டுது. வீக்கம் வத்தி ஈறு இறுகும்போது ஆட்டம் கொஞ்சம் குறையும், பல பேருக்கு நானே பாத்திருக்கேன். ஆனா ஒண்ண முன்னாடியே சொல்லிடறேன், ஈறு இறங்கி வேர் தெரியும், ஜில் தண்ணி குடிச்சா கூசும், பல்லு நீளமா ஆன மாதிரி தோணும், இடுக்குல சாப்பாடு சிக்கும். சிகிச்சை கெட்டுப்போச்சுன்னு நினைச்சு பாதில நின்னுடாதீங்க.

குடியாத்தம்_செல்வி | செவ்வாய், இரவு 8:10

நான் இப்ப கொடுங்கையூர்ல இருக்கேன், ஊர் குடியாத்தம். எங்கம்மா பீடி சுத்துவாங்க, வீட்ல முறத்துல பீடி இலையும் தூளும் எப்பவும் இருக்கும், அந்த வாசனைலதான் வளந்தேன். அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. சிகரெட் மாதிரி பேப்பர் இல்ல, இலைதானே, இயற்கைதானேன்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்வாங்க. அவருக்கு 50 வயசு வர்றதுக்குள்ள பல்லு தானா ஆடி ஆடி கையால எடுத்து கூரை மேல போடுவாரு. டாக்டரே பாக்கல. வலிக்கல, அதனால யாரும் பெருசா எடுத்துக்கல. இப்ப 63, மேல நாலு பல்லு, கீழ ஆறு. கறி சோறுன்னா உசுர விடுவாரு, இப்ப எலும்ப எடுத்து தனியா வெச்சுட்டு குழம்பு மட்டும் பிசைஞ்சு சாப்பிடறாரு, பக்கத்துல உக்காந்து பாக்க முடியல.

இம்ப்ளாண்ட், அதான் எலும்புல ஸ்க்ரூ மாதிரி பதிக்கற பல்லு, வெக்கலாமான்னு கேட்டோம், பீடிய விட்டாதான்னு சொல்லிட்டாங்க. பாலு அண்ணா, உங்களுக்காச்சும் பல்லு வாயில இருக்கும்போதே சொன்னாங்களே.

பல்லாவரம்_ஈறுடாக்டர் | செவ்வாய், இரவு 9:45

செல்வி, பீடி இலை அடிக்கடி அணைஞ்சு போகும், அதனால விடாம இழுத்துட்டே இருக்கணும், புகை உள்ள போறது குறையவே குறையாது. நிகோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு எதுலயும் பீடி சிகரெட்டுக்கு இளைச்சதில்ல. இம்ப்ளாண்ட் தோத்துப்போற வாய்ப்பு புகைக்கறவங்களுக்கு சுமார் ரெண்டு மடங்கு, அதனாலதான் தயங்கியிருப்பாங்க. அப்பாவுக்கு கழட்டி மாட்டற பல் செட்டு இப்பவே வெக்கலாம், அதுக்கு எலும்புல ஒட்டி ஆறணும்னு கட்டாயம் இல்ல. மென்னு சாப்பிட ஆரம்பிச்சிடுவாரு. ஆனா வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு, ஆறாத புண்ணு எதாவது இருக்கான்னு கண்டிப்பா பாத்துடுங்க, இத்தனை வருஷ பீடிக்கு அத நான் பல்ல விட முக்கியமா சொல்வேன்.

மந்தைவெளி_மீனாட்சி | புதன், காலை 11:00

எங்க வீட்டுக்காரருக்கு சுகர் 9 வருஷமா, சிகரெட்டும் உண்டு. மூணு மாச சுகர் டெஸ்ட் 8.4ல நிக்குது, மாத்திரை கூட்டியும் இறங்கல. வாய் நாத்தம் ரொம்ப இருக்கு, சொன்னா கோவிச்சுக்கறார். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா டாக்டர்?

பல்லாவரம்_ஈறுடாக்டர் | புதன், பகல் 2:10

இருக்குங்க மா, ரெண்டு பக்கமும் இருக்கு. சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு வேகமா கெடும், ஈறுல சீழும் வீக்கமும் இருந்தா சுகர் இறங்காது. ஈறு சிகிச்சை பண்ணி மூணு நாலு மாசத்துல அந்த டெஸ்ட் சராசரியா 0.4 போல குறையறத பல ஆய்வுல பாத்திருக்காங்க, ஒரு மாத்திரை கூட்டுனா எவ்ளோ இறங்குமோ அதுக்கு கிட்டத்தட்ட. ரெண்டும் சேந்து இருக்கறவங்கதான் எங்களுக்கு ரொம்ப கவலை. அவர்கிட்ட நாத்தம்னு சொல்லாதீங்க, சுகருக்காக பல்லு செக்கப்னு கூட்டிட்டு போங்க, வருவாரு.

வியாசை_மணி | புதன், இரவு 10:30

சரி டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். தம்ம விடாமலே, கடைல விக்கற மவுத்வாஷ், ஆன்டிபயாட்டிக் மாத்திரை இதுங்கள வெச்சு சமாளிக்க முடியாதா? எல்லாரும் ஒரே நாள்ல விட முடியுமா? உழைக்கறவனுக்கு அந்த ஒரு தம்தான் ரெஸ்ட்டு. இதையும் புரிஞ்சிக்கணும்.

பல்லாவரம்_ஈறுடாக்டர் | வியாழன், பகல் 1:15

புரியுது மணி. நான் பாக்கற முக்கால்வாசி பேரு அந்த ஒரு தம் ரெஸ்ட்டுல ஆரம்பிச்சவங்கதான்.

மவுத்வாஷ் பாக்கெட்டுக்குள்ள போகாது, மேலோட்டமா வாய கழுவும், அவ்ளோதான். குளோர்ஹெக்சிடின்னு ஒரு மருந்து இருக்கற மவுத்வாஷ ரெண்டு வாரத்துக்கு மேல ஊத்துனா பல்லு பழுப்பாகும், ருசி மாறும். ஆன்டிபயாட்டிக் சில பேருக்கு கிளீனிங்கோட சேத்து குடுப்போம், தம்மால வர்ற நஷ்டத்த அது ஈடுகட்டாது. கல்லும் கிருமிப்படலமும் வேர் மேல இருக்கற வரைக்கும் மாத்திரை மட்டும் போட்டு பிரயோஜனமே இல்ல.

ஆனா தம்ம விடாதவங்களுக்கு சிகிச்சையே கிடையாதுன்னு யாரும் சொல்லல. டீப் கிளீனிங் அவங்களுக்கும் பண்ணணும், பலன் கம்மி. ஆழமான பாக்கெட்டுல மத்தவங்களுக்கு குறையறத விட புகைக்கறவங்களுக்கு அரை மில்லிமீட்டர் போல கம்மியா குறையுது. அரை மில்லிமீட்டர் தானேன்னு தோணும். 7 மில்லிமீட்டர்ல ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றதே அந்த அரை ஒண்ணுலதான். எவ்ளோ பண்ணியும் கேக்காத ஈறு நோய்னு ஒரு பட்டியல் போட்டா அதுல பெரும்பாலானவங்க புகைக்கறவங்களா இருப்பாங்க, இது எங்க துறைல ரொம்ப காலமா எல்லாருக்கும் தெரிஞ்சது.

உங்க தாத்தாவ பத்தி, சில பேரு உடம்பு வாகு அப்படி, மறுக்கல. பாலு சார் எக்ஸ்ரேவுல தெரியறது உங்க தாத்தா உடம்பு வாகு இல்ல, அதுதான் விஷயம்.

பெரம்பூர்_பாலு | வியாழன், இரவு 11:50

எல்லார் பதிலையும் ரெண்டு தடவ படிச்சேன், சம்சாரத்துக்கும் படிச்சு காட்டுனேன். செல்வி மா, உங்க அப்பா சாப்பிடறத பத்தி எழுதியிருந்தீங்களே, அத படிச்சு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல நான்.

விடப் போறேன். எப்படின்னு தெரியல. முன்னாடி ரெண்டு தடவ விட்டு 4 நாள்ல தோத்தவன். செலவும் ஒரு கவலை, பசங்க ஃபீஸ் இருக்கு.

கோடம்பாக்கம்_கதிர் | வெள்ளி, காலை 7:15

அண்ணா, 1800-11-2356, கட்டணம் இல்லாத நம்பர், சிகரெட் பாக்கெட் மேலயே போட்டிருக்கும், இத்தனை நாள் கண்ணுல பட்டும் படிச்சிருக்க மாட்டீங்க. கூப்பிட்டா பேசுவாங்க, திரும்ப அவங்களே கூப்பிட்டும் கேப்பாங்க. நான் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல இருக்கற புகையிலை நிறுத்தற கிளினிக்ல போயி உக்காந்தேன், யாரும் திட்டல, அதுவே எனக்கு பெருசா இருந்துது.

நிகோட்டின் சூயிங்கம் வாங்குனா நம்ம சாதா சூயிங்கம் மாதிரி மென்னுட்டே இருக்கக் கூடாது. நாலஞ்சு தடவ மெல்லணும், காரமா சுர்ருன்னு ஏறும்போது நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல வெச்சிடணும், காரம் போனதும் திரும்ப மெல்லணும், அரை மணி நேரம் இப்படியே. டீ காபி குடிச்ச கால் மணி நேரத்துக்குள்ள போட்டா உடம்புல ஏறாது, நான் மொதல்ல டீயோடவே போட்டு இது வேலை செய்யலன்னு தூக்கி போட்டவன். அப்புறம் அந்த டீ நேரம்தான் கண்டம். நான் மூணு மாசம் டீக்கடை பக்கமே போகல, ஃப்ளாஸ்க்ல வீட்ல இருந்து எடுத்துட்டு போனேன்.

தரமணி_தமிழ் | வெள்ளி, காலை 10:20

கதிர் அண்ணா, அந்த கம்லயும் நிகோட்டின்தானே, ஈறு பக்கத்துலயே வெக்கறோமே, அது கெடுக்காதா?

பல்லாவரம்_ஈறுடாக்டர் | வெள்ளி, பகல் 1:40

நல்ல கேள்வி. ஒரு சிகரெட் புகைல 7,000க்கு மேல ரசாயனம், சூடு, கார்பன் மோனாக்சைடு எல்லாம் சேந்து வருது. கம்ல நிகோட்டின் மட்டும், அதுவும் மெதுவா, சில மாசத்துக்கு, குறைச்சிட்டே வந்து நிறுத்தறதுக்கு. ஒப்பிடவே முடியாது. ஆனா பாலு சாருக்கு முன்பல்லு ஆடுது, மெல்றது கஷ்டம்னா தோல்ல ஒட்டற பேட்ச் கேளுங்க, மாத்திரையும் இருக்கு, அது டாக்டர் எழுதிக் குடுத்துதான் வாங்கணும்.

செலவுக்கு, கோட்டை ஸ்டேஷன் எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, 1953ல ஆரம்பிச்சது. ஈறுக்குன்னே தனித் துறை உண்டு. காலைலயே போயி ஓபி சீட்டு போடுங்க, கூட்டம் இருக்கும். படிக்கற பசங்க பண்ணுவாங்களேன்னு யோசிக்காதீங்க, பேராசிரியர் பக்கத்துல நின்னு பாப்பாங்க, அளக்கறத அவங்க அளவுக்கு பொறுமையா வெளிய யாரும் அளக்க மாட்டாங்க.

பெரம்பூர்_பாலு | 12 நாள் கழிச்சு, இரவு 9:30

9 நாள் ஆச்சு. பேட்ச் ஒட்டறேன். நேத்துல இருந்து பிரஷ்ல ரத்தம். உதட்டுக்கு உள்பக்கம் ரெண்டு வாய்ப்புண்ணு வேற, காரம் பட்டா உசுரு போவுது. கதிர் தம்பி சொன்னது ஞாபகம் இருக்கு, ஆனாலும் பயமா இருக்கு, பேசாம ஒண்ணு அடிச்சா நின்னுடுமேன்னு மனசு சொல்லுது. யாராச்சும் முழிச்சிருந்தா பதில் போடுங்க.

கோடம்பாக்கம்_கதிர் | அதே நாள், இரவு 9:41

முழிச்சிருக்கேன் அண்ணா. அடிக்காதீங்க. மொட்டை மாடிக்கு போங்க, அண்ணி கூட பேசிட்டிருங்க, நானும் இங்கயே இருக்கேன்.

பல்லாவரம்_ஈறுடாக்டர் | அதே நாள், இரவு 10:05

ரத்த ஓட்டம் ஈறுக்கு திரும்ப வருது சார். சில நாள்லயே ஆரம்பிச்சிடும். கிருமி இன்னும் உள்ள இருக்கறதால ரத்தம் கசியுது, இத்தனை வருஷம் வாய மூடிட்டிருந்த ஈறு இப்பதான் பேசுது. டீப் கிளீனிங் முடிஞ்சா இது நிக்கும். வாய்ப்புண்ணும் தம் விட்ட மொத சில வாரத்துல நிறைய பேருக்கு வரும், தானா ஆறிடும், மேல தடவ ஜெல் வாங்கிக்கங்க. மெதுவா பிரஷ் பண்ணுங்க, ஆனா ரத்தம் வருதேன்னு அந்த இடத்த தொடாம விட்டுடாதீங்க.

பெரம்பூர்_பாலு | அதே நாள், இரவு 11:20

அடிக்கல. பாக்கெட்டு ஷிஃப்ட் பேக்ல ஒண்ணு இருந்துது, சம்சாரம்கிட்ட குடுத்தேன், தண்ணில நனைச்சு குப்பைல போட்டுட்டாங்க. நன்றி தம்பி.

பெரம்பூர்_பாலு | 4 மாசம் கழிச்சு, ஞாயிறு மாலை

இழை எங்கயோ கீழ போயிடுச்சு, தேடி எடுத்தேன். கோட்டை ஸ்டேஷன் எதிர்லயே போனேன். நாலு தடவையா பிரிச்சு டீப் கிளீனிங் பண்ணாங்க, மரத்துப்போற ஊசி போட்டு. ஒரு கடவாப்பல்ல காப்பாத்த முடியாதுன்னு எடுத்துட்டாங்க. பல்லு எடுத்த குழில ரத்தம் கட்டியா நின்னாதான் ஆறும், தம் இழுத்தா அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு போயி தாங்க முடியாத வலி வரும்னு சொன்னாங்க, அந்த மூணு நாள் தம் நினைப்பே வரல, பயம்தான் காரணம், பரவால்ல.

போன வாரம் மூணு மாச ரிவ்யூ. அதே கோடு போட்ட கம்பி. 7 இருந்த இடம் 5, 6 இருந்த ரெண்டு இடம் 4, முன்பல்லுல 5 எல்லாம் 3. இன்னொரு கடவாப்பல்லுல மட்டும் 6 அப்படியே நிக்குது, அதுக்கு மட்டும் ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க. போன எலும்பு போனதுதான், திரும்ப வராது, மிச்சத்த பிடிச்சு வெச்சுக்கலாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரணும்னாங்க. ஜில் தண்ணி கூசுது. பல்லிடுக்கு பிரஷ் ஒண்ணு குடுத்திருக்காங்க, மொதல்ல எரிச்சலா இருந்துது, இப்ப அது இல்லாம படுக்க முடியல. நடுவுல ஒரு தடவ தவறுனேன், மச்சான் கல்யாணத்துல ரெண்டு அடிச்சேன். அடுத்த நாளே திரும்ப ஆரம்பிச்சேன், அத மறைக்க விரும்பல. ரத்தம் இப்ப வர்றதில்ல, இந்தத் தடவ நிஜமாவே.

குடியாத்தம்_செல்வி | அதே நாள், மாலை

அண்ணா கண்ணு கலங்கிடுச்சு. அப்பாவுக்கும் செட்டு வெச்சாச்சு. பீடி ரெண்டு கட்டு அரை கட்டு ஆகியிருக்கு, முழுசா விடல இன்னும். போன ஞாயித்துக்கிழமை கறி துண்டு மென்னாரு, மெதுவாதான், ஆனா மென்னாரு.

வியாசை_மணி | அதே நாள், இரவு 10:15

பாலு அண்ணே, நான் அன்னைக்கு வேற டாக்டர பாருங்கன்னு எழுதுனேன், அது தப்பு. எனக்கும் கீழ்ப்பல்லு ஒண்ணு ஆடுது, ஒரு வருஷமா. யார்கிட்டயும் சொல்லல, வீட்லயும் சொல்லல. ரத்தம் வராது எனக்கும். அங்க போனா மொத நாள் எங்க நிக்கணும், என்ன கேப்பாங்க? தம் விடலன்னா திட்டுவாங்களா?

பெரம்பூர்_பாலு | அதே நாள், இரவு 10:32

திட்ட மாட்டாங்க பா. ஒரு நாளைக்கு எத்தனைன்னு கேப்பாங்க, உள்ளத சொல்லு, குறைச்சு சொல்லாத, அத வெச்சுதான் முடிவு பண்றாங்க. சுகர், பிபி மாத்திரை எதாச்சும் போட்டா சீட்ட எடுத்துக்க. செவ்வாய்க்கிழமை எனக்கும் ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் குடுக்க போவணும். நீ வியாசர்பாடி ஜீவால 7 மணிக்கு நில்லு, நான் பெரம்பூர்ல ஏறி முன் பெட்டில வரேன், சென்ட்ரல்ல இறங்கி பார்க்ல மாறுனா அடுத்த ஸ்டேஷன் கோட்டை. நீல சட்டை போட்டிருப்பேன்.